ஸ்கேன்ல தெரியலைன்னா நோயே இல்லையா? பாராதைராய்டைத் தேடும் படங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப்போறது கழுத்துல இருக்கிற ஒரு குட்டிச் சுரப்பியைப் பத்தி. பேர் பாராதைராய்டு. தைராய்டுன்னு படிச்சுட்டுத் தாண்டிப் போயிடாதீங்க, இது வேற. ரெண்டும் பக்கத்து வீட்டுக்காரங்க, அவ்வளவுதான். வேலையில ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஒரு நிலைமையை யோசிச்சுப் பாருங்க. முப்பது வயசுல ஒருத்தருக்கு ரெண்டாவது தடவையா கிட்னியில கல். டாக்டர் ரத்தத்துல கால்சியம் பார்க்கச் சொல்றார். 11.4 வருது. இருக்க வேண்டிய அளவைவிட அதிகம். அடுத்து பி.டி.ஹெச். என்ற ஹார்மோன் டெஸ்ட். அதுவும் அதிகம். "பாராதைராய்டு சுரப்பி ஒண்ணு அளவுக்கு மீறி வேலை செய்யுது, ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம், அதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்றார். ஸ்கேன் ரிப்போர்ட்ல "கட்டி எதுவும் தென்படவில்லை"ன்னு வருது. வீட்ல எல்லாருக்கும் நிம்மதி. "அதான் ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?"

அந்த நிம்மதியை நம்பி உட்கார்ந்துட்டா, எலும்பும் கிட்னியும் சத்தமில்லாம சேதமாகிட்டே இருக்கும். ஏன்னு புரியணும்னா, இந்த ஸ்கேன் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வந்தது என்பதை முதல்ல தெரிஞ்சுக்கணும்.

மாடித் தொட்டியும் சம்ப்பும்

அபார்ட்மெண்ட்ல இருக்கிறவங்களுக்கு இது சுலபமா புரியும். மாடியில தண்ணித் தொட்டி, கீழே சம்ப். தொட்டியில தண்ணி குறைஞ்சா சென்சார் மோட்டாரைப் போடும், நிறைஞ்சதும் நிறுத்தும்.

நம்ம ரத்தம்தான் மாடித் தொட்டி. அதில் கால்சியம் ஒரு குறுகிய எல்லைக்குள் இருந்தாக வேண்டும்; ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம், ஒரு டெசிலிட்டருக்கு. தசை சுருங்குவது, நரம்பு சேதி அனுப்புவது, இதயம் துடிப்பது எல்லாம் இதை நம்பித்தான் நடக்கின்றன. எலும்புதான் சம்ப். உடம்பில் உள்ள கால்சியத்தில் கிட்டத்தட்ட 99 சதவீதம் அங்கேதான் சேமிக்கப்பட்டிருக்கிறது. பாராதைராய்டுதான் சென்சார். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அது பி.டி.ஹெச். ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கும், வைட்டமின் டி-யை இயங்க வைத்து உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்ச வைக்கும். அளவு சரியானதும் சுரப்பி அமைதியாகிவிடும்.

இப்போ அந்த சென்சார் கெட்டுப்போச்சுன்னு வைங்க. தொட்டி நிரம்பி வழியுது, ஆனா சென்சார் மட்டும் "இன்னும் காலி, இன்னும் காலி"ன்னு மோட்டாரை ஓடவிட்டுக்கிட்டே இருக்கு. சம்ப் வத்திப்போகும், மாடியில இருந்து தண்ணி ஒழுகும். எலும்பு மெலியும், வழிகிற கால்சியம் சிறுநீரகத்தில் கல்லாகும். கூடவே தீராத களைப்பு, மலச்சிக்கல், மனச்சோர்வு, அடிக்கடி சிறுநீர் போவது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் "வேலை டென்ஷன், தூக்கம் இல்ல"ன்னு ஒதுக்கிவிடக் கூடியவை. அதனாலதான் நிறைய பேருக்கு இது வருஷக்கணக்கில் தெரியாமலே இருக்கும்.

இதுக்குப் பேர் பிரைமரி ஹைப்பர்பாராதைராய்டிசம். முழுசா குணப்படுத்தும் வழி ஒண்ணுதான்: கெட்டுப்போன சென்சாரைக் கழற்றுவது. நல்ல விஷயம் என்னன்னா, பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சுரப்பி நான்கு இருக்கும். ஒன்றை எடுத்தாலும் மற்ற மூன்றும் பார்த்துக்கொள்ளும்.

நோயைக் கண்டுபிடிப்பது ரத்தம், படம் இல்லை

இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும்னா, இது இருக்கட்டும்: இந்த நோய் இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது ரத்தப் பரிசோதனை.

கால்சியம் அதிகமாக இருக்கும்போது பி.டி.ஹெச். அடங்கி, மிகக் குறைவாக இருக்க வேண்டும். அது அதிகமாக இருந்தால் சுரப்பியில் கோளாறு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. பி.டி.ஹெச். "நார்மல்" எல்லைக்குள்ளேயே இருந்தாலும் அது நார்மல் இல்லை. தொட்டி வழியும்போது மோட்டார் மெதுவா ஓடினாலும் தப்புதானே?

அதேபோல, தலைகீழான குழப்பமும் உண்டு. வைட்டமின் டி குறைவாக இருந்தால் பி.டி.ஹெச். ஏறும், ஆனால் அங்கே கால்சியம் அதிகமாக இருக்காது. சென்சார் சரியாகத்தான் வேலை செய்கிறது, தொட்டிக்குத்தான் தண்ணி பத்தலை. இவங்களுக்கு ஆபரேஷனும் வேண்டாம், இந்த ஸ்கேனும் வேண்டாம். இன்னொரு வகை, பரம்பரையாக வரும் ஒரு நிலை. அதில் ரத்தக் கால்சியம் சற்று அதிகமாகவே இருக்கும், சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகப் போகும். ஆபரேஷன் செய்தாலும் அது மாறாது. இதைப் பிரித்தறியத்தான் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கச் சொல்கிறார்கள். லித்தியம், சில வகை பி.பி. மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் கால்சியம் ஏறலாம். அதனால சாப்பிடுற மருந்து எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லணும்.

இதெல்லாம் முடிந்து, "நோய் இருக்கிறது, ஆபரேஷன் தேவை" என்று முடிவான பிறகுதான் ஸ்கேன். அதன் கேள்வி "இருக்கா?" இல்லை, "எங்கே இருக்கு?"

ஆபரேஷன் யாருக்குத் தேவை? கிட்னியில் கல் வந்தவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கால்சியம் இயல்பின் மேல் எல்லையைவிட 1 மில்லிகிராமுக்கு மேல் கூடியவர்கள், சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள். இன்னொண்ணு நம்ம கேட்பவர்களுக்கு முக்கியம்: வயது 50-க்குள் இருப்பதே ஒரு காரணம். வேறு தொந்தரவே இல்லாவிட்டாலும் இளவயதினருக்கு ஆபரேஷனைப் பரிந்துரைக்கிறார்கள். இன்னும் பல பத்தாண்டுகள் அந்த எலும்பையும் கிட்னியையும் வச்சுத்தானே ஓட்டணும்?

ஏழு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட கேப்டன்

"எங்கே இருக்கு"ன்னு கண்டுபிடிக்கிறது அவ்வளவு கஷ்டமா? ஆமாம். சாதாரண பாராதைராய்டு ஒரு அரிசி மணி அல்லது பருப்பு அளவுதான். எடை 30 முதல் 50 மில்லிகிராம். பக்கத்தில் இருக்கும் கொழுப்போடு நிறத்தில் கலந்துவிடும். மனித உடம்பை அக்குவேறு ஆணிவேறாக அறுத்துப் பார்த்த உடற்கூறியல் அறிஞர்களின் கண்ணுக்கே இது ரொம்ப காலம் தப்பியது. லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்துபோன ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன், அதன் கழுத்தில் இதைக் குறித்து வைத்தார். மனிதர்களில் இதை ஒழுங்காக விவரித்தது 1880-ல், ஸ்வீடனின் உப்சாலாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம்.

1925-ல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற அறுவை மருத்துவர், எலும்பு உருக்குலைந்த ஒரு டிராம் நடத்துநரின் கழுத்திலிருந்து வீங்கிய பாராதைராய்டை எடுத்தார். நோயாளி தேறினார். அப்போதுதான் எலும்பு நோய்க்குக் காரணம் இந்தச் சுரப்பியாக இருக்கலாம் என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது.

அடுத்த கதைதான் நமக்கு முக்கியம். அமெரிக்காவில் சார்லஸ் மார்டெல் என்று ஒரு கப்பல் கேப்டன். இந்த நோயால் எலும்புகள் நொறுங்கி, உயரத்தில் சுமார் 7 அங்குலம் குறைந்துபோனவர். ரத்தத்தை வைத்து நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஆனால் கட்டி கிடைக்கவில்லை. ஆறு முறை ஆபரேஷன் செய்தும் கிடைக்கவில்லை. கடைசியில் 1932-ல், ஏழாவது ஆபரேஷனில், அது கழுத்தில் இல்லாமல் நெஞ்சுக்குள் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். தாமதம் ரொம்ப அதிகமாகிவிட்டது. சிறுநீரகக் கல் தொடர்பான சிக்கலில் அடுத்த சில வாரங்களில் அவர் இறந்துவிட்டார்.

கழுத்துச் சுரப்பி நெஞ்சுக்குள்ள எப்படிப் போச்சு? கருவில் இருக்கும்போது, கீழ்ப்பக்கத்து பாராதைராய்டுகள் தைமஸ் என்ற உறுப்போடு சேர்ந்து உருவாகின்றன. தைமஸ் நெஞ்சை நோக்கி இறங்கும்போது இவையும் கூடவே இறங்கி, தைராய்டு பக்கத்தில் நின்றுவிட வேண்டும். சில சமயம் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு, பஸ்ஸிலேயே நெஞ்சு வரைக்கும் போய்விடும். சிலது முன்னாடியே இறங்கி, தாடைக்குக் கீழேயே தங்கிவிடும். உணவுக்குழாய்க்குப் பின்னாலோ, தைராய்டுக்கு உள்ளேயோகூட இருக்கலாம்.

அன்றைக்கு மார்டெலுக்கு இல்லாதது இந்த வரைபடம்தான். இன்று நம்மிடம் நான்கு வகையாக இருக்கிறது.

ஒண்ணு: அல்ட்ராசவுண்ட்

வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. கழுத்தில் ஜெல் தடவிப் பார்ப்பார்கள். வீங்கிய பாராதைராய்டு தைராய்டுக்குப் பின்னால் கருமையான ஒரு நீள்வட்டமாகத் தெரியும். அதற்குத் தனியாக ஒரு ரத்தக்குழாய் போவதும் தெரியும். தைராய்டில் கட்டி ஏதாவது இருந்தால் அதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

குறை என்ன? ஒலி அலை எலும்பையும் காற்றையும் தாண்டாது. நெஞ்செலும்புக்குப் பின்னாலும் மூச்சுக்குழாய்க்குப் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. அடுத்தது, இது கருவியைவிடக் கையை நம்பியது. பாராதைராய்டு தேடிப் பழகியவர் பார்ப்பதற்கும், வயிற்று ஸ்கேனுக்கு நடுவில் ஒரு கழுத்தைப் பார்ப்பவர் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ரெண்டு: செஸ்டாமிபி ஸ்கேன்

இது முதலில் இதயத்துக்காக வந்த மருந்து. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளோடு சேர்த்து ஊசியில் ஏற்றுவார்கள். செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா எங்கே நிறைய இருக்கிறதோ, அங்கே போய் இது தங்கும். வீங்கிய பாராதைராய்டிலும் அப்படித் தங்குகிறது என்பது 1989-ல் வெளியானது.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒரு படம். அதில் தைராய்டும் பாராதைராய்டும் சேர்ந்தே ஒளிரும். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு படம். அதற்குள் தைராய்டிலிருந்து மருந்து வடிந்திருக்கும். கெட்ட பாராதைராய்டில் மட்டும் புள்ளியாக நின்றிருக்கும். விருந்து முடிஞ்சு எல்லாரும் கிளம்பின பிறகும் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருக்கிற மாதிரி. காமா கேமராவை உடம்பைச் சுற்றவிட்டு, கூடவே சி.டி. படமும் சேர்த்து எடுத்தால் அந்தப் புள்ளி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். நெஞ்சுக்குள் ஒளிந்திருப்பதையும் இது காட்டிக்கொடுக்கும்.

இது எங்கே ஏமாறும்? சிறிய கட்டிகள், அல்லது மைட்டோகாண்ட்ரியா குறைவான கட்டிகள் மருந்தைச் சீக்கிரம் விட்டுவிடும். படத்தில் ஒன்றும் நிற்காது. ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் கெட்டிருந்தாலும் தவறவிடலாம். மறுபக்கம், சில தைராய்டு கட்டிகளும் மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, "நான்தான் பாராதைராய்டு"ன்னு ஏமாத்தும்.

மூணு: ஃபோர்-டி சி.டி.

பேரைக் கேட்டா தியேட்டர் ஞாபகம் வரும். நாலாவது பரிமாணம் இங்கே நேரம். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவதற்கு முன்னும், ஏற்றிய உடனேயும், சற்று கழித்தும் அதே கழுத்தைப் படம் எடுப்பார்கள். கெட்ட பாராதைராய்டு மருந்தை வேகமாக வாங்கி வேகமாக விட்டுவிடும். நிணநீர்க் கணு மெதுவாகத்தான் வாங்கும். தைராய்டில் அயோடின் இருப்பதால், மருந்து ஏற்றும் முன்பே அது பளிச்சென்று தெரியும். இந்த நடத்தையை வைத்து யார் யார் என்று பிரிக்கிறார்கள். இடத்தைத் துல்லியமாகச் சொல்வதில் இது கெட்டிக்காரத்தனமானது.

விலை: கதிர்வீச்சு. குறிப்பாக இளவயதினருக்கு, தைராய்டின் மேல் விழும் அளவை யோசித்துத்தான் எடுப்பார்கள். கிட்னி பலவீனமாக இருந்தாலோ, கான்ட்ராஸ்ட் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ முதலிலேயே சொல்ல வேண்டும்.

நாலு: கோலின் பெட் ஸ்கேன்

இது தற்செயலாகக் கிடைத்தது. பிராஸ்டேட் புற்றுநோய்க்காகக் கோலின் பெட் ஸ்கேன் எடுத்தபோது, சிலருக்குக் கழுத்தில் எதிர்பாராத ஒளி. பார்த்தால் பாராதைராய்டு கட்டி. செல் சவ்வு கட்டக் கோலின் தேவை. வளர்கிற கட்டி அதை ஆவலாக இழுத்துக்கொள்கிறது. மற்ற ஸ்கேன்களில் தெரியாத சின்னக் கட்டிகளைக்கூட இது பல நேரம் காட்டிவிடுகிறது. ஒரே உட்காரலில் வேலை முடியும். ஆனால் செலவு அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. பெரும்பாலும் முதல் இரண்டும் கைகொடுக்காதபோது, அல்லது மறு ஆபரேஷனுக்கு முன்னால், இதற்குப் போகிறார்கள்.

கர்ப்பமாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்றால்கூட, ஸ்கேனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அப்போ பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் மட்டும்தான். தாய்ப்பால் கொடுப்பவர்களும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டியில் ஊசி குத்தி செல் எடுத்துப் பார்ப்பதையும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். செல்கள் வழியில் சிந்தி வேறிடத்தில் வளரும் ஆபத்து உண்டு.

தெரிஞ்சா என்ன, தெரியலைன்னா என்ன?

இந்த நோய் வந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குக் கெட்டுப்போவது ஒரே ஒரு சுரப்பிதான். இரண்டு ஸ்கேன்கள் ஒரே இடத்தைக் காட்டினால், சின்னதாகக் கீறி, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடலாம். குரலுக்கான நரம்பு அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. தேடும் இடம் குறைந்தால் அதற்கும் ஆபத்து குறைவு. பலர் அன்றைக்கே அல்லது மறுநாளே வீட்டுக்குப் போகிறார்கள்.

சரி, ஸ்கேனில் தெரியலை. அப்போ? ரத்தம் ஏற்கெனவே சொன்னதை எந்தப் படமும் மாற்றிவிடாது. கட்டி சிறியதாக இருக்கலாம், ஒன்றுக்கு மேல் இருக்கலாம், மறைவான இடத்தில் இருக்கலாம். அனுபவமுள்ள அறுவை மருத்துவர் கழுத்தைத் திறந்து, நான்கு சுரப்பிகளையும் கண்ணால் பார்த்து, எது பெரிதாக இருக்கிறதோ அதை எடுப்பார். ஸ்கேன்கள் வருவதற்கு முன்பு எல்லோருக்கும் செய்யப்பட்டது இந்த ஆபரேஷன்தான். பழகிய கைகளில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது.

அமெரிக்காவில் ஜான் டாப்மன் என்று ஒரு கதிரியக்க மருத்துவர் இருந்தார். கண்ணில் படாத பாராதைராய்டுகளைப் படம்பிடித்துத் தேடுவதே அவர் தொழில். முதல் ஆபரேஷனுக்கு முன்னால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது அனுபவமுள்ள அறுவை மருத்துவர் என்று 1986-ல் எழுதினார். ஸ்கேன் எடுப்பவரே சொன்னது. அன்றைய ஸ்கேன்களைவிட இன்றையவை எவ்வளவோ மேல். ஆனா அந்த வரிசை மாறலை: முதல்ல மருத்துவர், அப்புறம் வரைபடம்.

ஆபரேஷன் நடக்கும்போதே சரிபார்க்கவும் ஒரு வழி இருக்கு. பி.டி.ஹெச். ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகக் கரைந்துவிடும். கட்டியை எடுத்து 10 நிமிடம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அளவு பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் சரியானதை எடுத்தாச்சு, மூடலாம். இறங்கலையா? இன்னொண்ணு எங்கேயோ இருக்கு, தேடணும். ஸ்கேன் தப்பாகக் காட்டியிருந்தாலும் இந்த இடத்தில் பிடித்துவிடலாம்.

மறு ஆபரேஷன் என்றால் மட்டும் கதை வேறு. உள்ளே தழும்பு இறுகியிருக்கும், நரம்பு எங்கே என்று தெரிவது கஷ்டம். அங்கே நல்ல படங்கள் இல்லாமல் கத்தியை எடுக்க மாட்டார்கள். முதல் ஆபரேஷன் சரியா நடக்கிறது ஏன் இவ்வளவு முக்கியம்னு இப்போ புரியுதா?

டாக்டர்கிட்ட கேட்க வேண்டியவை

போன்ல குறிச்சு வச்சுக்கங்க.

ஒண்ணு, "ரத்தம், சிறுநீர், வைட்டமின் டி எல்லாம் பார்த்து நோய் உறுதியாயிடுச்சா?" உறுதியாகும் முன்னே ஸ்கேனுக்கு அவசரப்பட வேண்டாம். தைராய்டு கட்டியோ நிணநீர்க் கணுவோ பாராதைராய்டு மாதிரி தெரிந்து, தேவையில்லாத ஆபரேஷனில் போய் முடியலாம்.

ரெண்டு, "இந்த ஆபரேஷனை நீங்க வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க?" கேட்கத் தயங்காதீங்க. இது மரியாதைக் குறைவான கேள்வி கிடையாது.

மூணு, "எந்த ஸ்கேன், எங்கே எடுக்கணும்?" அறுவை மருத்துவரைப் பார்த்த பிறகு, அவர் நம்புகிற இடத்தில் எடுப்பது நல்லது. ரிப்போர்ட் தாளோடு முழுப் படங்களையும் வாங்கிக் கொடுங்க.

நாலு, "ஸ்கேன்ல தெரியலைன்னா அடுத்து என்ன?" இதுக்கு "அப்போ ஆபரேஷன் வேண்டாம்"னு மட்டும் பதில் வந்தா, இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்க.

அஞ்சு, "ஆபரேஷனுக்கு அப்புறம் கால்சியம் இறங்கினா எப்படித் தெரியும்?" உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போவது, ஊசி குத்துவது மாதிரி இருப்பது அதன் அடையாளம். பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை இழுத்துக்கொள்வதாலும், தூங்கிக்கொண்டிருந்த மற்ற சுரப்பிகள் விழித்துக்கொள்ள நாளாவதாலும் இப்படி ஆகும். மாத்திரையில் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் உடனே சொல்ல வேண்டும்.

இது பொதுவான விளக்கம்தான். உங்க உடம்புக்கான முடிவை உங்க மருத்துவரோட உட்கார்ந்து பேசி எடுங்க. உங்க வீட்லயோ நண்பர்கள்லயோ யாருக்காவது கிட்னியில கல் திரும்பத் திரும்ப வந்துட்டு இருந்தா, ரத்தத்துல கால்சியம் பார்த்தாச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க. சின்ன டெஸ்ட்தான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.